வான்கோழி பற்றிப் பத்துத் தகவல்கள்

ஆண் வான்கோழிக்குக் கோபம் வந்தால் தலை சிவக்கும்; மற்ற நேரங்களில் நீலமாகவோ வெள்ளையாகவோ இருக்கும். காட்டு வான்கோழிக்குப் பறக்கத் தெரியும்; இரவில் மரக்கிளையில் ஏறித் தூங்கும். தலையைச் சற்றுத் திருப்பினால் தன்னைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அதனால் பார்க்க முடியும். ஒரு காலத்தில் ஒன்ராறியோவில் ஒன்றுகூட மிஞ்சாமல் அழிந்துபோன பறவை அது. பிறகு வேறு இடங்களில் பிடித்து வந்து இங்குள்ள காடுகளில் விட்டார்கள்.

இப்படிப் பத்துத் தகவல்களை, ஒக்ரோபரில் வான்கோழி சமைத்துக் கொண்டாடும் ஒரு தாங்ஸ்கிவிங் வாரத்துக்காக எழுதினேன். ஏழாவது தகவல் பிழை. அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

நான் சிறுவர் பக்கம் செய்துவந்த பத்திரிகை இலவசமானது. வெள்ளிக்கிழமைகளில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவின் தமிழ்க் கடைகளில், தள்ளுவண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டாக இருக்கும். வருகிறவர்கள் இரண்டு பிரதி எடுப்பார்கள். ஒன்று வாசிக்க, மற்றது மீன் வெட்டும்போது கீழே விரிக்க. வாசிப்பதற்கு எடுத்ததையும் கடைசிப் பக்கத்தில் இருந்துதான் திறப்பார்கள், மரண அறிவித்தல்கள் அங்கே இருப்பதால். சிறுவர் பக்கம் அதற்கு முந்தியது. அதற்கும் முன்னால் வீடு விற்பவர்களின் படங்கள், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக.

பத்திரிகையை நடத்துபவர் என்னைவிட இருபது வயது இளையவர். பிளாஸா ஒன்றின் மேல்மாடியில், பல் வைத்தியருக்கும் வருமான வரி நிரப்புபவருக்கும் இடையில் உள்ள ஒற்றை அறையில் இருந்து எல்லா வேலையையும் தானே செய்கிறவர். செப்டெம்பர் கடைசியில் ஒருநாள் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

“அக்கா, கோவிக்கக் கூடாது. உந்தப் பக்கத்தை ஆர் வாசிக்கினம்?”

“பிள்ளையள்.”

“எந்தப் பிள்ளையள்?”

அவரே தொடர்ந்தார்.

“என்ரை ரெண்டும் வாசிக்காதுகள். உங்கடை மகள் வாசிக்கிறவவோ?”

“அவளுக்கு முப்பத்தாறு வயது.”

“சின்னனிலை?”

“இல்லை.”

அவர் சிரித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். வீடு விற்கும் ஒருவர் அந்தப் பக்கம் முழுவதையும் தன் விளம்பரத்துக்குக் கேட்கிறார். அதேநேரம் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கும் ரியூஷன் நிலையம் ஒன்று பக்கத்தின் அடியில் வாராவாரம் விளம்பரம் போட விரும்புகிறது. ஆனால் அந்த நிலையக்காரர் ஒன்றைக் கேட்டாராம்: பிள்ளைகள் இதைப் பார்க்கிறார்களா?

“ஒரு பிள்ளை இருந்தாக் காணும் அக்கா. ஒரேயொரு பிள்ளை பேப்பரை வாசிக்கிற மாதிரி ஒரு படம். தாங்ஸ்கிவிங் முடியக் கொண்டுவாங்கோ. பக்கம் நிலைச்சு நிக்கும். இல்லாட்டி நான் என்ன செய்யிறது, நீங்களே சொல்லுங்கோ.”

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்காளராகத் தொடங்கி உதவி ஆசிரியரானவள். கனடாவுக்கு வந்தபின் கேக் பெட்டி மடிக்கும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றேன். பிறகு ஒரு மருந்துக் கடையின் கவுண்டரில். இத்தனை காலத்தில் நான் எழுதி அச்சில் வந்தது இந்த ஒரு பக்கம் மட்டும். அது போனால் எழுத எனக்கு வேறு இடம் இல்லை. அறுபத்துநாலு வயதில் யாரும் புதிதாக ஒன்றைத் தரப்போவதும் இல்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன்.

ஆகவே ஒரு போட்டி வைத்தேன். வான்கோழி பற்றிப் பத்துத் தகவல்கள், அவற்றில் இருந்து ஐந்து கேள்விகள், நிறம் தீட்டுவதற்குக் கோட்டில் வரைந்த ஒரு வான்கோழி. பரிசு ஒரு பெட்டி நிறப் பென்சில். வெல்பவரின் படம் பக்கத்தில் வரும். மூன்று கடைகளின் காசாளர் மேசைகளில், விடைத்தாள்களைப் போட வெறும் பிஸ்கற் ரின்களை வைத்தேன். இரண்டு வாரம் இருந்தன.

பதினொரு விடைத்தாள்கள் வந்தன.

அவற்றை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வாசித்தேன். பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் எழுதிக் கொடுப்பது எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் சிறுவர் பக்கத்துக்கு வந்த கட்டுரைகளில் பாதியை மாமாமார்தான் எழுதினார்கள். அவற்றைப் பிரித்து எடுப்பது உதவி ஆசிரியரானதும் எனக்குத் தரப்பட்ட முதல் வேலை. அதனால் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நான்கு தாள்களின் உச்சியில் பிள்ளையார் சுழி இருந்தது. ரொறன்ரோவில் பிறந்த எட்டு வயதுப் பிள்ளை எதை எழுதத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போட்டுத் தொடங்காது. இரண்டு தாள்களில் அதே இடத்தில் சின்னச் சிலுவை. மன்னார்ப் பக்கமோ தீவுப் பக்கமோ, கத்தோலிக்கர். ஒன்று “கனம் ஆசிரியர் அவர்கட்கு, தங்கள் வினாக்களுக்கான விடைகளைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கின்றேன்” என்று தொடங்கி “வயது 8” என்று முடிந்தது. ஒன்றில் அடிமட்டத்தால் ஓரக்கோடு கீறி, முக்கியமான சொற்களின் கீழே சிவப்புக் கோடு இழுத்திருந்தது. படிப்பித்தவர் ஒருவராக இருக்கவேண்டும். இன்னொன்றில் வயது 71 என்று எழுதிப் பிறகு அந்த 1-ஐ மட்டும் ஈர விரலால் அழித்ததில் தாள் ஓட்டையாகியிருந்தது. பத்தாவது தாளில் வான்கோழி நிறமில்லாமல் நின்றது. பக்கத்தில் அழகான எழுத்தில் ஒரு குறிப்பு: “தீட்டுவதற்குக் கலர் கைவசம் இல்லை. மன்னிக்கவும்.”

முகவரிகளையும் பார்த்தேன். அநேகமாக எல்லாம் முதியோர் தொடர்மாடிகள். தெரு எண்ணுக்கு முன்னால் கதவிலக்கம். ஐந்து கேள்விகளுக்கும் பத்துப் பேரும் சரியாக விடை எழுதியிருந்தார்கள். ஆற அமர இருந்து, பத்துத் தகவல்களையும் வரி வரியாக வாசித்தவர்கள். ஆனால் என்னிடம் கேட்கப்பட்டது ஒரு பிள்ளை.

பதினோராவது தாளில் வான்கோழி ஊதாவும் பச்சையுமாக இருந்தது. மெழுகுக் கலர். கோட்டுக்கு வெளியே எல்லாப் பக்கமும் போயிருந்தது. ஒரு காலை மறந்துவிட்டிருந்தது. எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக, தாளின் பின்பக்கத்தில் தடவினால் தெரியும் அளவுக்கு அழுத்தி எழுதப்பட்டிருந்தன. இரண்டு விடைகள் பிழை. அந்த இரண்டு பிழைகளும்தான் எனக்கு நம்பிக்கை தந்தன. அடியில் மில்லிக்கன் என்ற குடியிருப்புப் பகுதியின் முகவரியும் ஒரு தொலைபேசி இலக்கமும் இருந்தன.

அந்த இலக்கத்துக்கு அழைத்தேன்; பிள்ளையின் தாய் எடுத்தார். நான் யார் என்று சொன்னதும் குரல் மாறியது.

“வென்றிட்டாவோ அன்ரி? உண்மையாவோ? சனிக்கிழமை வாங்கோ. காலமை நீச்சல் கிளாஸ் இருக்கு, பதினொண்டுக்குப் பிறகு வாங்கோ. படம் எடுப்பியள்தானே? என்ன உடுப்புப் போட்டுவிட?”

“சும்மா வீட்டிலை போடுற உடுப்புக் காணும்.”

“ஐயோ, பேப்பரிலை வாறது. ஆக்கள் பாப்பினம்.”

ஸ்ரீல்ஸ் தெருப் பஸ்ஸில் போய் இறங்கிப் பதினைந்து நிமிடம் நடந்தேன். ஒரேமாதிரியான வீடுகள், எல்லாவற்றுக்கும் இரட்டைக் கராஜ். நடைபாதையில் என்னைத் தவிர யாரும் இல்லை. அந்த வீட்டு வாசற்படியில் பூசணிக்காய் ஒன்றும், பிளாஸ்ரிக் சோளக்கதிர்க் கட்டு ஒன்றும் வைத்திருந்தார்கள்.

சமையலறையில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. மேசையில் நாலைந்து பொலித்தீன் பைகளில் வான்கோழி, கடையில் எலும்பறுக்கும் வாளால் அறுத்த கறித் துண்டுகளாக.

“முழுசா அவன் அடுப்புக்குள்ளை வைச்சால் எங்கடை ஆக்கள் ஒருத்தரும் தொடமாட்டினம் அன்ரி,” என்றார் தாய். “போன வருசம் வைச்சுப் பாத்தனான். பிறகு அவ்வளவையும் பிச்சுக் கறியாப் பிரட்டினது. இந்தமுறை முதலே பிரட்டிறது.”

சிறுமிக்கு ஏழு வயது. நீச்சற்குளத்து ஈரம் தலையில் இருந்தது; வெல்வெற்றில் பட்டுக்கரை வைத்த சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். என் எதிரே வந்து அமர்ந்து, பரிசுப் பெட்டியைப் பார்த்தாள். நான் பையில் இருந்து பத்திரிகையை எடுத்துச் சிறுவர் பக்கத்தை விரித்தேன்.

“இதிலை எது உங்களுக்குப் பிடிச்சது? வாசிச்சுக் காட்டுங்கோ.”

அவள் வான்கோழிப் படத்தைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

“எழுத்துத் தெரியும் அன்ரி,” என்றார் தாய் அடுப்படியில் இருந்து. “கூட்டி வாசிக்கத்தான் கொஞ்சம். பிள்ளை, ஆனா எது, அன்ரிக்குக் காட்டுங்கோ.”

சிறுமி பக்கம் முழுவதும் தேடி, ஓர் எழுத்தில் விரலை வைத்தாள். அது ஆனா இல்லை. நான் “ஓம்” என்றேன்.

“அப்ப இந்த விடையள்?”

“நான் துண்டிலை எழுதிக் குடுத்தன். அவ பாத்து எழுதினவ. ஒரு மணித்தியாலம் இருந்து எழுதினவ அன்ரி, பொய் சொல்லக் கூடாது.”

“ரெண்டு விடை பிழை.”

“அது என்ரை பிழை.” அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். “நான் எங்கை அன்ரி உதெல்லாம் வாசிச்சது. வேலையாலை வந்து நேரமில்லை. ஒரு குத்துமதிப்பிலை எழுதினன். படத்துக்குக் கலர் அடிச்சது அவதான். அது முழுக்க அவவின்ரை.”

அப்போது சிறுமி ஆங்கிலத்தில் தாயிடம் கேட்டாள், அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று. தாய் என்னைப் பார்த்தார். நான் ஒவ்வொரு தகவலாகத் தமிழில் சொல்ல, அவர் வெங்காயத்தைக் கிளறியபடி ஆங்கிலத்தில் சொன்னார். முதல் மூன்றுக்கும் சிறுமி, தெரியும் என்று தலையாட்டினாள். நாலாவதில் குறுக்கிட்டாள். எனக்குத் தெரியாத ஒன்றைத் தான் சொல்லவா என்று கேட்டாள். வான்கோழி ஆணா பெண்ணா என்பதை அது போடும் எச்சத்தைப் பார்த்தே அறியலாம் என்றாள். ஆணுடையது ஆங்கில ‘ஜே’ போல வளைந்திருக்கும். பெண்ணுடையது சுருளாக இருக்கும். இரண்டையும் காற்றில் விரலால் வரைந்து காட்டினாள்.

“சீ பிள்ளை, சாப்பிடுற சாமான்.”

“இட்ஸ் சயன்ஸ், அம்மா.”

பள்ளிக்கூடத்தில் அவள் வான்கோழி பற்றிப் பேசப்போகிறாளாம். நூலகத்தில் இருந்து புத்தகம் எடுத்திருந்தாள். சொண்டின் மேல் தொங்கும் தசைக்கு என்ன பெயர், குஞ்சுக்கு என்ன பெயர், எல்லாம் சொன்னாள். அப்படியே ஏழாவது தகவலுக்கு வந்தோம். மழை பெய்யும்போது வான்கோழி வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, தண்ணீர் நிரம்பி மூழ்கிச் சாகும் என்று எழுதியிருந்தேன்.

“நோ,” என்றாள். “தட்ஸ் நொட் ட்ரூ.”

தாய் அவளை அதட்டினார். சிறுமி எழுந்துபோய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து, பக்கத்தைத் தேடி எடுத்து, என் முன்னால் வைத்தாள். வான்கோழியின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. மேலே பார்க்க அது தலையைச் சரிக்கவேண்டும். சில வான்கோழிகள் ஒரு கோளாறினால் அப்படிச் சரித்தபடி சற்று நேரம் நிற்பதுண்டு. அதைப் பார்த்தவர்கள் கட்டிய கதை அது. நான் இரண்டு முறை வாசித்தேன். அவள் சொன்னது சரி. இணையத்தில் ஓர் இடத்தில் மட்டும் பார்த்து எழுதியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் செய்தி ஆசிரியர் இரண்டு இடத்தில் கேட்காமல் மரணச் செய்திகூடப் போடவிடமாட்டார்.

சிறுவர் பக்கத்தில் நான் விட்ட பிழை ஒன்றை எனக்கு முதன்முதல் சுட்டிக்காட்டியவள் அவள். பக்கத்தை அவளால் வாசிக்க முடியாது.

“படம் எடுப்பமோ அன்ரி?” தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். “வாசிக்கத் தெரியாதெண்டு எழுதிப்போடாதேங்கோ. சும்மா பேப்பரைப் பிடிச்சுக்கொண்டிருந்தாக் காணும்தானே. ஆர் வந்து சோதினை வைக்கப் போகினம்.”

சிறுமியை யன்னல் பக்கம் இருத்தினேன். பத்திரிகையை விரித்துக் கையில் கொடுத்தேன். முதல் படத்தில் அவள் கமராவைப் பார்த்தாள். இரண்டாவதில் வான்கோழியைப் பார்த்தாள். எழுத்தின் கீழே விரலை வை, அப்படியே கீழே பார் என்று மூன்றாவதுக்கு நான்தான் சொன்னேன். தாய் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அவள் வைத்தாள். விரல் மழை பற்றிய வரியின் கீழே இருந்தது. அவளுக்கு அது தெரியாது.

புறப்படும்போது தாய் தயிர்ச் சாடி ஒன்றில் வான்கோழிப் பிரட்டல் போட்டுத் தந்தார். மூடி சூட்டில் வளைந்திருந்தது. பஸ்ஸில் அதை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். வரும் வழியில், இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று பத்திரிகைக்காரரிடம் சொல்லலாமா என யோசித்தேன். பக்கத்தை ஒரு சொல் விடாமல் வாசிக்கிற பத்துப் பேர். அவர்கள் ரியூஷனுக்குப் போகப்போவதில்லை. வீடு வாங்கப்போவதும் இல்லை. பஸ் ஃபின்ச் தெருவுக்கு வரும்போது அந்த யோசனை முடிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை படத்தைக் காட்டினேன்.

“பாத்தியளே,” என்றார் பத்திரிகைக்காரர். “நான் சும்மா பயந்திட்டன். வாசிக்கிற பிள்ளையள் இருக்கினம்.”

“ஓம்.”

“வடிவா வாசிக்கிறாவோ?”

“படத்திலை தெரியுதுதானே.”

படத்தின் கீழே போடும் வரியை நான்தான் எழுதினேன்: “சிறுவர் பக்கத்தை ஆர்வத்துடன் வாசிக்கும் மில்லிக்கன் மாணவி.” படத்தில் இல்லாத எதையும் படவரி சொல்லக்கூடாது என்பது நான் பழகிய தொழிலின் விதி. அந்த வரியில் “வாசிக்கும்” என்பது மட்டும் பொய்.

அத்தோடு மூன்று வரியில் ஒரு திருத்தமும் எழுதிக் கொடுத்தேன். ஏழாவது தகவல் தவறு, வான்கோழி மழையில் மூழ்குவதில்லை, வருந்துகிறோம்.

“ஆர் கவனிச்சது?” என்றார்.

“ஒரு பிள்ளை.”

“இதைப் போட்டாத்தான் அக்கா பிழையெண்டு ஆக்களுக்குத் தெரியவரும்.” படத்தை நாலு பத்தி அகலத்துக்கு இழுத்துப் பார்த்தார். திருத்தத்துக்கு இடம் இருக்கவில்லை.

பத்திரிகை வந்த அந்த வெள்ளிக்கிழமை மாலை, போட்டியின் அடியில் நான் கொடுத்திருந்த என் இலக்கத்துக்கு ஒரு முதியவர் அழைத்தார். மிகத் திருத்தமான பேச்சு.

“தங்கச்சி, வான்கோழிப் போட்டி விசயமாக் கேக்கிறன். வென்ற பிள்ளை ஐஞ்சுக்கும் சரியா எழுதினதோ?”

“ஓம் ஐயா.”

“என்ரை பேத்தியும் ஐஞ்சும் சரியாத்தான் எழுதினவ.”

“குலுக்கித்தான் எடுத்தது ஐயா.”

“ஓம், ஓம். கன பேர் எழுதியிருப்பினம்.” பேனையைத் தேடும் சத்தம் கேட்டது. “பேத்திக்குச் சொல்லிவிடுறன். அவ இஞ்சை இல்லை, ஒஷாவாவிலை. அடுத்த போட்டி எப்ப?”

கிறிஸ்மஸுக்கு என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

மற்ற அழைப்புகள் எல்லாம் அலுவலகத்துக்கு வந்தன. இளம் தாய்மார், தகப்பன்மார். எவரும் போட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. மில்லிக்கன் பிள்ளையின் படம் எப்படி வந்தது, எங்கள் பிள்ளையின் படம் போட என்ன செய்யவேண்டும் என்றே கேட்டார்கள். புதன்கிழமைக்குள் பத்திரிகைக்காரரின் வட்ஸ்அப்பில் படங்கள் நிறைந்துவிட்டன. பியானோவின் முன்னால், கராத்தே உடுப்பில், சலங்கையுடன், றிச்மண்ட் ஹில் கோயில் வாசலில், பூசணித் தோட்டத்தில் வைக்கோற் கட்டின் மேல்.

“பாத்தியளே அக்கா, பக்கம் எடுபடுது,” என்றார். உண்மையாகவே மகிழ்ந்திருந்தார். ரியூஷன் நிலையக்காரரும் வருடம் முழுவதற்கும் விளம்பரம் தந்துவிட்டாராம். “இனி ஆரும் உந்தப் பக்கத்தைக் கேக்க ஏலாது. உங்கடை பக்கம் உங்கடைதான்.”

அடுத்த வாரம் நீர்நாய் பற்றிப் பத்துத் தகவல்கள் எழுதினேன்; அச்சில் ஐந்து வந்தன. அதற்கடுத்த வாரம் மூன்று. இரண்டு இடத்தில் சரிபார்த்து எழுதியவை. நவம்பர் நடுவில் படங்கள் போக எஞ்சிய இடம் ஓர் அங்குலம். அதை ரியூஷன் நிலையம் கேட்டது. கிறிஸ்மஸ் போட்டியை வைக்க இடம் இல்லை என்பதை நானே கண்டுகொண்டேன், அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. “சிறுவர் பக்கம்” என்ற தலைப்பு அப்படியே இருந்தது. எனக்கு எஞ்சிய வேலை, ஒவ்வொரு படத்தின் கீழும் பிள்ளையின் பெயர், வயது, வகுப்பு, பெற்றோரின் ஊர் என்பவற்றைத் தமிழில் எழுதுவது.

அந்த வேலை தொடங்கி மூன்றாவது வாரம் அதுபற்றியும் முறைப்பாடு வந்தது. பத்திரிகைக்காரர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.

“அக்கா, தாய்மார் கேக்கினம். பிள்ளையள் பேப்பரைப் பாத்துப்போட்டு, இதிலை என்ரை பேர் எங்கை எண்டு கேக்குதுகளாம்.”

“படத்துக்குக் கீழை இருக்கு.”

“இருக்குது. அதுகளுக்கு வாசிக்கத் தெரியவேணுமே. பேரையும் வகுப்பையும் இங்கிலீசிலை போடுவம்.”

பக்கம் பிள்ளைகளுக்கானது, பிள்ளைகள் வாசிக்கவேண்டும் என்றுதான் நானும் சொல்லிவந்தேன். அவருடைய கணினியின் முன்னால் அமர்ந்து விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றி, பதினாறு படங்களுக்கும் பெயர்களைத் தட்டெழுதினேன். பெற்றோர் அனுப்பியிருந்த செய்திகளோடு ஒவ்வொன்றாக ஒப்புநோக்கினேன். இரண்டு பெயர்களில் பிழை இருந்தது, திருத்தினேன். மாலை நாலரைக்குப் பக்கம் அச்சுக்குப் போனது.